எங்கட பேச்சிலே வந்த பாட்டு

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எமது பண்பாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டிருந்தார்கள். பண்பாடு எண்டவுடனே எங்களிடம் ஒரு பட்டியல் ஆயத்தமாக இருக்கும். பரதநாட்டியம், மிருதங்கம், வயலின், திருக்குறள், பொங்கல். இவை எல்லாம் வேண்டியவைதான். சனிக்கிழமை காலையிலே பனிக்குள்ளும் மழைக்குள்ளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிற பெற்றோரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் பட்டியலில் ஒருநாளும் இடம் கிடைக்காத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். எங்கட பொப் பாட்டும், அதை ஊரூராகக் கொண்டு திரிந்த இசைக்கோஷ்டிகளும்.

நான் பாடகன் அல்லன். எழுபதுகளின் கடைசியிலே எங்கள் ஊர்ப் பெடியள் சேர்ந்து நடத்திய ஒரு சின்னக் கோஷ்டியில் 'மரக்காஸ்' குலுக்கினவன். உள்ளே மணி போட்ட கிலுக்கட்டி போன்றது அது. கிற்றாரும் வராது, பொங்கோவும் வராது, ஆனால் மேடையில் நிற்க ஆசை எண்டவனுக்குக் கொடுக்கிற வாத்தியம். ஆகவே ஒரு வித்துவான் பேசுகிறார் எண்டு நினையாதேங்கோ. பக்கத்தில் நின்று பார்த்தவன் பேசுகிறேன்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக முதலில் கோஷ்டி எண்டால் என்ன எண்டு சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலே கோயில் திருவிழா எண்டால் விடிய விடிய நடக்கும். முதலில் மேளச் சமா. தவில்மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் வாசிப்பைக் கேட்கச் சனம் மைல் கணக்காகச் சைக்கிளில் போன காலம் அது. பிறகு சுவாமி வெளிவீதி வருவார். சில இடங்களில் வில்லிசை இருக்கும். வில்லிசை எண்டால் சின்னமணி அவர்களின் பெயர்தான் முதலில் வரும். இவை முடிய நடுச்சாமம் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் கோஷ்டி மேடை ஏறும். சனம் பாயோடு வந்து இடம் பிடித்திருக்கும். கச்சான்காரியின் குப்பி விளக்கு ஒரு பக்கம், ஜெனறேற்றரின் இரைச்சல் மறுபக்கம். பாட்டுக் கேட்டுத் துண்டுக் கடதாசியில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். அந்தத் துண்டுகளில் பாதி, பாட்டுக்காக எழுதப்பட்டவை அல்ல. கூட்டத்தில் இருக்கிற ஒருத்தியின் காதில் தன் பெயர் விழவேண்டும் எண்டதற்காக எழுதப்பட்டவை. இந்த மண்டபத்திலேயும் அப்படித் துண்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி எண்டு நோட்டீசில் பெயர் இருந்தால் போதும், அடுத்த ஊரும் காலியாகிவிடும். அவர்கள் இரவு முழுக்கப் பாடியதில் பெரும்பகுதி இந்தியச் சினிமாப் பாட்டுத்தான். அதை மறைக்கத் தேவையில்லை. ரி. எம். சௌந்தரராஜனைப் போலவே பாடுகிறான், சுசீலாவைப் போலவே பாடுகிறாள் எண்டால் அதுதான் அன்றைய பெரிய பாராட்டு. போலவே பாடவேண்டும், அச்சொட்டாக வாசிக்கவேண்டும். ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்குச் சனம் தூங்கி விழத் தொடங்கும்போது ஒரு பொப் பாட்டை எடுத்து விடுவார்கள். அந்த நேரத்தில் கூட்டம் முழிக்கும் பாருங்கோ! வயது போனவர்களும் எழும்பி இருந்து கைதட்டுவார்கள். இளசுகள் மேடைக்குப் பக்கத்தில் நின்று ஆடத் தொடங்கும். அதுவரை கேட்டது சென்னையின் குரல். அந்த ஒரு பாட்டில்தான் எங்கட சொந்தக் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? இதன் தாளத்திற்கு நீண்ட கதை உண்டு. 1505ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களோடு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் போர்வீரராகவும் கொண்டுவரப்பட்ட மக்களும் வந்தார்கள். இவர்களின் ஆட்டமும் பாட்டும் கலந்து கவ்ரிஞ்ஞா எண்ட ஒரு வகை பிறந்தது. மட்டக்களப்பிலே பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் அந்த ஆட்டமும், அவர்களுடைய போர்த்துக்கேயப் பேச்சும் நெடுங்காலம் உயிரோடு இருந்தன. அதிலிருந்துதான் பைலா வளர்ந்தது. வொலி பஸ்ரியன் எண்ட கலைஞர் அதைச் சிங்கள மேடைக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தார். ஆறு–எட்டுத் தாளம். எங்கட சங்கீத ஆசிரியர்மாருக்குச் சொன்னால், திஸ்ர நடையைப் போல எண்டு சொல்லுவார்கள். காலுக்குச் சொன்னால் கால் தானாக ஆடும்.

அறுபதுகளிலே கொழும்பில் கிற்றார்க் குழுக்கள் முளைத்தன. ஹரி பெலபொன்ரேயின் கலிப்சோப் பாட்டுக்களைக் கேட்டு, ஸ்பானியப் பெயர் வைத்துக்கொண்டு பாடிய குழுக்கள் இருந்தன. கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்ரோன்ஸ்' குழுவில் சிங்களத்திலே புதுப் பாட்டுக்களைக் கொண்டுவந்தார்கள். சிங்களத்தில் முடியும் எண்டால் தமிழில் ஏன் முடியாது எண்டு கேட்க எங்களிடமும் ஆட்கள் இருந்தார்கள்.

உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அவர்கள் அறுபதுகளின் பிற்பகுதியில் பாடத் தொடங்கினார். 'சின்ன மாமியே' எண்ட பெயரைச் சொன்னாலே இங்கே பாதிப்பேர் சிரிக்கிறீர்கள். கள்ளுக்கடைக்குப் போகாதே எண்டு புத்தி சொன்ன பாட்டும் அவருடையதுதான். அந்தப் பாட்டைக் கள்ளுக் கொட்டிலிலேயே பாடிக் கேட்டிருக்கிறேன் எண்டது வேறு கதை. அவர் பிற்காலத்தில் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். திருகோணமலையிலே பரமேஸ்–கோணேஸ் சகோதரர்கள் தங்கள் பாடல்களை இசைத்தட்டாகவே வெளியிட்டார்கள். பரமேஸ் அவர்கள் பின்னர் புலம்பெயர்ந்து வந்தது வேறெங்குமில்லை, இந்த ஜேர்மனிக்குத்தான். ஏ. ஈ. மனோகரன் அவர்களைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி எண்டார்கள். 1978இல் வந்த 'வாடைக்காற்று' திரைப்படத்தில் நடித்தார். பிறகு தமிழகம் போய்ச் 'சிலோன் மனோகர்' ஆனார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். இன்னும் எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரான்லி சிவானந்தன் எண்டு பலர். இவர்களின் குரலை வீடு வீடாகக் கொண்டுவந்து சேர்த்தது இலங்கை வானொலி.

ஏன் இது எழுபதுகளில் இவ்வளவு செழித்தது? கலை வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்குப் பின்னால் வெங்காயமும் மிளகாயும் இருக்கின்றன. 1970இலிருந்து 1977வரை இருந்த அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. வெளியிலிருந்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் வருவது நின்றதும், வலிகாமத்துத் தோட்டக்காரரின் கையில் காசு புரண்டது. அந்தக் காசில் கல்வீடு வந்தது, தண்ணீர் இறைக்கும் மெசின் வந்தது, திருவிழாவுக்கு இரண்டு கோஷ்டி வந்தது. அதே காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவுக்கும் கட்டுப்பாடு வந்தது. எங்கட எழுத்துக்கும் எங்கட பாட்டுக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. தோட்டக்காரரின் கை இறங்கியது. கசெற் றெக்கோடர் வீட்டுக்கு வந்தது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டுக்களில் அப்படி என்ன பெரிதாக இருந்தது? கவிநயம் குறைவு. இராகம் தேடினால் கிடைக்காது. பெரியவர்கள் 'குடிகாரக் கூத்து' எண்டு ஏசினார்கள். ஆனால் அதில் ஒன்று இருந்தது. மாமியும் மச்சாளும், பனங்கள்ளும் பஸ்ஸும், நாங்கள் வாயால் பேசுகிற பேச்சிலே பாட்டுக்குள் வந்தார்கள். அதற்கு முன்பு மேடைப் பாட்டு எண்டால் தமிழகத்து உச்சரிப்பு. வீட்டிலே 'என்ர', 'உன்ர' எண்டு பேசுகிறவன் மைக்கைப் பிடித்தவுடன் வேறு ஆளாகிவிடுவான். எங்கட பேச்சு பாட்டுக்கு உதவாது எண்டு நாங்களே நம்பியிருந்தோம். அது பொய் எண்டு காட்டினவர்கள் இந்தப் பொப் பாடகர்கள்.

இந்த நாட்டிலே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அதே எழுபதுகளில் ஜேர்மன் இளைஞர்களும் றொக் பாட்டு எண்டால் ஆங்கிலத்தில்தான் பாடவேண்டும் எண்டு நினைத்தார்கள். ஊடோ லின்டன்பேர்க் ஜேர்மன் மொழியில், தெருவில் பேசுகிற மாதிரியே பாடிக் காட்டினார். கேள்ண் நகரத்தில் 1970இல் தொடங்கிய பிளெக் ஃபேஸ் குழு, அந்த ஊர்ப் பேச்சுவழக்கிலேயே பாடியது. குழுவின் பெயருக்கே 'வெறுங்கால்' எண்டுதான் பொருள். கார்னிவல் நாளில் அங்கே போய்ப் பாருங்கோ. பேராசிரியரும் பஸ் ஓட்டுநரும் ஒன்றாகத் தோளில் கைபோட்டு அந்தப் பாட்டுக்களைப் பாடுவார்கள். 'இது எங்கட பேச்சு' எண்டு பெருமைப்படுவார்கள். அவர்களுக்கு அது பண்பாடு. எங்களுக்கு மட்டும் அது பட்டியலில் சேராத பொருளா?

நினைவு எல்லாவற்றையும் இனிப்பாக்கிவிடும். ஆகையால் புளிப்பையும் சொல்லவேண்டும். அந்தத் திருவிழா இரவுகள் எல்லோருக்கும் ஒன்றாக விடியவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்கே போராட்டம் நடத்தவேண்டி இருந்த மண் அது. ஒலிபெருக்கியின் பாட்டு வேலி பார்க்கவில்லை. ஆனால் யார் எங்கே பாய் விரிக்கலாம் எண்டதைச் சாதி தீர்மானித்தது. அதேபோல, நன்றாகப் பாடக்கூடிய எத்தனையோ பெண்பிள்ளைகள் கோஷ்டியில் பாட விடப்படவில்லை. 'இராத்திரியில் மேடையிலே நிற்கிறவளை ஆர் கட்டுவான்?' எண்டு கேட்டார்கள். எங்கள் கோஷ்டியிலேயே ஒரு பெடியன்தான் பெண்குரலில் பாடினான். இதையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தை நினைக்கவேண்டும். இன்று எங்கள் மேடையில் எங்கள் பெண்பிள்ளைகள் கிற்றாரோடு நிற்பதைக் காணும்போது, அந்தக் காலத்தை விட இந்தக் காலம் ஒரு படி மேலே எண்டு எனக்குப் படுகிறது.

மனோகரன் அவர்கள் பாடிய 'சுராங்கனி'யை எடுத்துக்கொள்ளுங்கோ. சிங்களச் சொல்லிலே தொடங்கி இரண்டு இனத்தவரும் சேர்ந்து கைதட்டிய பாட்டு. 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' எண்ட தமிழகப் படத்திலும் அது இடம்பிடித்தது. அதே 1977ஆம் ஆண்டு ஆவணியில்தான் தென்னிலங்கையில் தமிழரை அடித்துத் துரத்தினார்கள். பாட்டுக்குக் கைதட்டின கை எல்லாம் அடிக்க வந்தது எண்டு நான் சொல்லவில்லை. மறைத்து வைத்துக் காப்பாற்றிய கைகளும் இருந்தன. ஒன்றாக ஆடிய நாட்டிலே ஒன்றாக வாழ முடியாமல் போனது எண்டதை மட்டும் சொல்கிறேன்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஆடியோடு எல்லாம் மாறியது. ஊரடங்கு வந்தபின் விடிய விடியத் திருவிழா ஏது? கோஷ்டிகளின் பெடியள் திசைக்கொருவராய்ப் போனார்கள். சிலர் உயிரோடு இல்லை. எங்கள் பொங்கோக்காரன் எங்கே எண்டு இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோக் கேட்டது எங்கள் சனம். ஒருவர் சுற்ற, பத்துப்பேர் கேட்டார்கள். பாட்டு எங்களுக்கு எவ்வளவு தேவையாக இருந்தது எண்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நான் வந்த வழி உங்களில் பலர் வந்த வழிதான். கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் வந்தது. 1985இல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். என்ர பையுக்குள் இரண்டு உடுப்பும் மூன்று கசெற்றும் இருந்தன. கசெற் எண்ட பொருளைப் பிலிப்ஸ் கொம்பனி உலகத்துக்கு முதன்முதலில் காட்டியது 1963ஆம் ஆண்டு பேர்லின் வானொலிக் கண்காட்சியிலே எண்டு பிற்காலத்தில்தான் வாசித்து அறிந்தேன். பேர்லினில் வெளிவந்த பொருளுக்குள் உரும்பிராயின் பாட்டை அடைத்துக்கொண்டு நான் பேர்லினுக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்! எங்கட தேநீர்க் கடைகளில் கேட்ட 'போனி எம்' பாட்டுக்களைத் தயாரித்தவரும் பிராங் பாரியன் எண்ட ஒரு ஜேர்மன்காரர்தான் எண்டதையும் இங்கே வந்துதான் அறிந்தேன்.

அகதிமுகாம் வாழ்க்கையைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. ஹைமிலே ஒரு அறைக்குள் ஆறுபேர். வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. அடுத்த நகரத்தில் இருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கவும் கடிதம் வேண்டும். அந்த நாட்களில் இரவிலே ஒரு பழைய றெக்கோடரில் இந்தப் பாட்டுக்களைப் போடுவோம். சோகப் பாட்டுப் போட்டால் ஆளுக்கொரு மூலையில் படுத்துவிடுவார்கள். பொப் பாட்டுப் போட்டால் எழும்பிச் சமைப்பார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இசை ஆராய்ச்சி. பிறகு இங்கேயே கோஷ்டிகள் உருவாகின. பகலிலே உணவகத்தில் கோப்பை கழுவினவர்கள் சனி இரவில் கல்யாண மண்டபத்தில் கிற்றார் வாசித்தார்கள். காலப்போக்கில் ஒரு கீபோட் எட்டுப்பேரின் வேலையைச் செய்தது; பிறகு டீஜே வந்தார். அதில் எனக்குக் கோபமில்லை. மரக்காஸ் குலுக்குகிறவனின் வேலைதான் முதலில் போனது எண்டதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பிள்ளைகளே, உங்களிடம் ஒரு சொல். நாங்கள் எங்கள் கதையைச் சொல்லும்போது ஷெல்லடி, இடப்பெயர்வு, அகதிமுகாம் எண்டுதான் சொல்லுகிறோம். அது உண்மை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் கேட்டு வளர்ந்தால், உங்கள் அப்பா அம்மா பிறந்தநாள் தொடக்கம் அழுதுகொண்டே இருந்தவர்கள் எண்டு நினைத்துவிடுவீர்கள். அவர்களும் பெல்பொட்டம் போட்டவர்கள்தான். தலைமயிரை வளர்த்து ஏச்சு வாங்கியவர்கள்தான். விடியப்புறம் மூன்று மணிக்குப் புழுதி கிளம்ப ஆடியவர்கள்தான். போர் எங்களிடமிருந்து எதைப் பறித்தது எண்டு தெரியவேண்டுமானால், அதற்கு முன் எங்களிடம் என்ன இருந்தது எண்டு தெரியவேண்டும். அந்தச் சந்தோஷமும் உங்களுக்குச் சேரவேண்டிய முதுசம்தான்.

பெரியவர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, கெல்லரிலே பெட்டிக்குள் கிடக்கிற பழைய கசெற்றுக்களை எறியவேண்டாம். ஈரத்தில் நாடா பூஞ்சணம் பிடிக்கும். ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் நெளிந்துபோகும். உலர்ந்த இடத்தில் வைத்து, தெரிந்த பெடியளைக் கொண்டு கணினியில் ஏற்றி வையுங்கோ. 2005இலிருந்து எங்கட நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்திலே சேர்த்து வருகிற நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் ஒரு பிரதி போய்ச்சேர்ந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, பெயர் எழுதுங்கோ. இசைத்தட்டு வெளியிட்டவர்களின் பெயர் எப்படியும் நிற்கும். ஆனால் பெரும்பாலான ஊர்க் கோஷ்டிகள் ஒரு பாட்டைக்கூடப் பதிவு செய்யவில்லை. அவர்கள் இருந்ததற்கு இருக்கிற ஒரே சாட்சி எங்களுடைய ஞாபகம். அந்த ஞாபகத்துக்கும் இப்போது எழுபது வயது. ஆர் பாடினது, ஆர் அக்கோடியன் வாசித்தது, எந்தக் கோயிலடி, எந்த ஆண்டு? ஒரு கொப்பியில் எழுதுங்கோ. எழுத ஏலாதவர்கள் பேரப்பிள்ளையின் தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கோ. அடுத்த மலரிலே இதற்கெண்டு நான்கு பக்கம் ஒதுக்க ஆசிரியர் குழு இணங்கியிருக்கிறது.

மூன்றாவது, அடுத்த சித்திரைக்கு இந்த மேடையில் எங்கள் பிள்ளைகள் ஒரு ஈழத்துப் பொப் பாட்டாவது பாடவேண்டும். பாடுமுன் அதை முதலில் பாடியவரின் பெயரை அறிவிக்கவேண்டும். உச்சரிப்பைத் திருத்தவேண்டாம். 'என்ர' எண்டு வந்தால் 'என்ர' எண்டே பாடட்டும். கிற்றார் பிள்ளைகளிடம் இருக்கிறது. ட்ரம்ஸ் பாடசாலையில் இரவல் வாங்கலாம். மரக்காஸ் குலுக்க ஆள் தேவையெண்டால், விலாசம் சங்கத்தில் இருக்கிறது.